முறைத்தான், வெறித்தான், எட்டிப் பார்த்தான்: ஆங்கில வினைகளைத் தமிழ் வழியே சேர்ப்பது எப்படி

ஆங்கிலத்தில் ஓரளவு எழுதப் பழகியவர்களின் பத்திகளை எடுத்துப் பார்த்தால் ஏழெட்டு வினைகளே திரும்பத் திரும்ப வரும்: 'வாக்', 'லுக்', 'சே', 'கோ', 'ஈட்', 'லாஃப்', 'டேக்'. அவற்றுக்குத் துணையாக 'ஸ்லோலி', 'ஆங்ரிலி', 'லவுட்லி' என்று அடைமொழிகள். இலக்கணப் பிழை எதுவும் இருக்காது. ஆனால் படிப்பவர் கண்முன் காட்சி எழாது.

இதற்குக் காரணம் சொற்பஞ்சம் மட்டுமல்ல, தமிழ் வாக்கியம் அமையும் விதமும்தான். தமிழில் ஒருவர் நடந்த விதத்தை வினைக்கு முன்னால் வைக்கிறோம். விறுவிறுவென்று நடந்தான், காலாற நடந்தான், தள்ளாடி நடந்தான் என்று மூன்று விதமாகச் சொன்னாலும் வினை 'நட' ஒன்றுதான். உயிர் முழுக்க அதற்கு முன்னால் நிற்கும் சொல்லில் இருக்கிறது. ஆங்கிலம் அந்த விதத்தை வினைக்குள்ளேயே அடைத்துவிடும். போகும் திசையை 'இன்டு', 'அவுட் ஆஃப்', 'அக்ராஸ்' போன்ற சிறு சொற்களிடம் விட்டுவிடும். "நொண்டிக்கொண்டே அறைக்குள் நுழைந்தான்" என்பதில் நுழைவதுதான் வினைமுற்று; நொண்டுவது எச்சமாக முன்னால் நிற்கிறது. ஆங்கிலத்தில் 'ஹி லிம்ப்ட் இன்டு த ரூம்'. இங்கே நொண்டுவது வினைமுற்றாகிவிட்டது, நுழைவதை 'இன்டு' சொல்கிறது. லெனார்ட் டால்மி என்ற மொழியியலாளர் 1985-ல் உலக மொழிகளை இந்த வேறுபாட்டை வைத்தே வகைப்படுத்திக் காட்டினார்.

ஆகவே ஆங்கிலப் பட்டியலை முதலில் கையில் எடுக்க வேண்டாம். தமிழில் நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் எச்சங்களையும் இரட்டைக்கிளவிகளையும் எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றும் ஆங்கிலத்தில் எந்த வினைக்குள் போய் அடைந்திருக்கிறது என்று தேடுங்கள். பொருள் உங்களுக்குள் முன்பே இருப்பதால் சொல் பிடித்துக்கொள்ளும்.

'பார்' குடும்பத்தில் தொடங்குங்கள்

ஒரு தாளில் 'பார்' என்று எழுதி, அதற்கு முன்னால் தமிழில் என்னவெல்லாம் சேர்ப்போம் என்று யோசித்தால் பத்து நிமிடத்தில் பத்துத் தொடராவது வந்துவிடும். அவற்றுக்கு நேரான ஆங்கில வினைகள் பெரும்பாலும் கிடைக்கும்.

கோபத்தோடு முறைப்பது 'க்ளேர்'. கண் இமைக்காமல் வெறித்துப் பார்ப்பது 'ஸ்டேர்'. வியப்பு, பயம், நினைவு எங்கோ போய்விட்ட நிலை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். ஆனால் முன்பின் தெரியாதவரை 'ஸ்டேர்' செய்தார் என்றால் அது மரியாதைக் குறைவு. மெய்மறந்து, ஆசையோடோ சிந்தனையோடோ நெடுநேரம் பார்ப்பது 'கேஸ்', எழுத்துக்கூட்டல் ஜி, ஏ, இசட், ஈ. ஒரு கணம் பார்வையை ஓடவிட்டுத் திருப்பிக்கொள்வது 'க்ளான்ஸ்'. கதவிடுக்கில் திருட்டுத்தனமாக எட்டிப் பார்ப்பது 'பீப்'. கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது 'ஸ்குவின்ட்'. வாய் பிளந்து பார்ப்பது 'கேப்', ஜி, ஏ, பி, ஈ.

'உற்றுப் பார்' என்பதில் மட்டும் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இருட்டு, பனி, தொலைவு என்று ஏதோ ஒன்று மறைப்பதால் கஷ்டப்பட்டு உற்றுப் பார்த்தால் அது 'பியர்', பி, ஈ, ஈ, ஆர். ஓர் ஆவணத்தில் தவறு இருக்கிறதா என்று வரி வரியாக உற்றுப் பார்த்தால் அது 'ஸ்க்ரூட்டினைஸ்'. தமிழில் ஒரே தொடர். ஆங்கிலத்தில் பார்ப்பதன் காரணம் மாறியதும் வினையும் மாறிவிட்டது. இந்தக் கேள்வியை எல்லாச் சொல்லிடமும் கேளுங்கள்: ஏன் அப்படிச் செய்கிறார்?

'க்ளிம்ப்ஸ்' இன்னொரு வகை. கூட்டத்தில் ஒருவர் முகம் ஒரு நொடி கண்ணில் பட்டு மறைந்தது என்பதற்கு இந்தச் சொல். 'க்ளான்ஸ்' நாமாகச் செய்வது. 'க்ளிம்ப்ஸ்' தானாக வாய்ப்பது. அதனால் 'க்ளான்ஸ்' பின்னால் 'அட்' கேட்கும், 'க்ளிம்ப்ஸ்' கேட்காது. இரண்டையும் குழப்பாதவர்கள் குறைவு.

நடையும் பேச்சும்

'நட' குடும்பம் தமிழில் வளமாக இருப்பதால் வேகமாக முடிந்துவிடும். காலாற நடப்பது 'ஸ்ட்ரோல்'. போகும் இடம் தெளிவாகத் தெரிந்து எட்டு வைத்து விறுவிறுவென்று போவது 'ஸ்ட்ரைட்'. களைத்துப்போய்க் கனத்த கால்களோடு நடப்பது 'ட்ரட்ஜ்'. பாதத்தைத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடப்பது 'ஷஃபில்'. தள்ளாடுவது 'ஸ்டேகர்', நுனிக்காலில் நடப்பது 'டிப்டோ', பதுங்கிப் போவது 'ஸ்னீக்', குழந்தை தத்தித் தத்தி நடப்பது 'டாடில்', வாத்து நடை 'வாடில்', கால் போன போக்கில் திரிவது 'வாண்டர்'. நெஞ்சை நிமிர்த்தி நடப்பது 'ஸ்ட்ரட்'. தமிழில் நெஞ்சை நிமிர்த்தி நடந்தான் என்றால் பாராட்டாகவும் இருக்கலாம். 'ஸ்ட்ரட்' என்றால் எழுதுபவருக்கு அந்த ஆளின் மிடுக்கு பிடிக்கவில்லை என்று பொருள்.

பேச்சு வினைகளில் அதிகம் சிக்கவைப்பது 'முணுமுணு'. அகராதி 'மட்டர்', 'மம்பிள்', 'மர்மர்' மூன்றையும் வரிசையாகத் தரும், மூன்றும் ஒன்று என்று நினைக்க வைக்கும். எரிச்சலில், பிறர் காதில் தெளிவாக விழாதபடி தனக்குள் சொல்லிக்கொள்வது 'மட்டர்'. வெட்கத்தாலோ தூக்கக் கலக்கத்தாலோ வாயைச் சரியாகத் திறக்காமல் பேசுவது 'மம்பிள்'. அவர் சொல்ல விரும்புகிறார், சொல்தான் தெளிவாக வரவில்லை. மென்மையாகத் தாழ்ந்த குரலில் சொல்வது 'மர்மர்'. அதில் எரிச்சல் இருந்தே ஆக வேண்டியதில்லை, ஆறுதலோ அன்போகூட இருக்கலாம். தாய் தூங்கும் குழந்தையின் காதருகே 'மர்மர்' செய்யலாம். அங்கே 'மட்டர்' போட்டால் அந்தத் தாய் சலித்துக்கொள்கிறாள் என்றாகிவிடும்.

மற்றவை அவ்வளவு சிக்கலில்லை. கிசுகிசுப்பது 'விஸ்பர்'. திக்கித் திக்கிப் பேசுவது 'ஸ்டாமர்'. வெடுக்கென்று பதில் சொல்வது 'ஸ்னாப்'. வாய் தவறிக் கொட்டிவிடுவது 'ப்ளர்ட் அவுட்'. சளசளவென்று பேசுவது 'சாட்டர்', தொணதொணப்பது 'நாக்'.

ஒலிக்குறிப்புகள் தரும் லாபம்

தமிழ் பேசுபவர்களுக்கு இந்த வேலையில் ஓர் உண்மையான சாதகம் உண்டு: சலசல, கடகட, மடமட என்று ஒலியாலேயே பொருள் சொல்லும் சொற்கள் நம்மிடம் ஏராளம். ஆங்கிலத்தில் இவற்றில் பல முழு வினைகளாக இருக்கின்றன. கதவைப் படாரென்று சாத்துவது 'ஸ்லாம்'. கதவு க்றீச்சிடுவது 'க்ரீக்'. இலை சலசலப்பது 'ரஸ்ஸில்', எழுதும்போது நடுவில் வரும் டீ ஒலிக்காது. ஜன்னல் கடகடவென்று ஆடுவது 'ராட்டில்'. தண்ணீரை மடக்மடக்கென்று குடிப்பது 'கல்ப்', சத்தம் வர உறிஞ்சுவது 'ஸ்லர்ப்', அவசர அவசரமாக அள்ளி விழுங்குவது 'காபிள்'. கையிலிருந்து வெடுக்கென்று பிடுங்குவது 'ஸ்னாச்'. நட்சத்திரம் மினுமினுப்பது 'ட்விங்கிள்'. களுக்கென்று சிரிப்பது 'கிகிள்'.

ஆங்கிலச் சொற்களின் தொடக்க ஒலியும் சில இடங்களில் கைகொடுக்கும். 'ஸ்ன' என்று தொடங்கும் பல வினைகள் மூக்கோடு தொடர்புடையவை: முகர்வது 'ஸ்னிஃப்', தும்முவது 'ஸ்னீஸ்', குறட்டை 'ஸ்னோர்', மூக்கால் செருமுவது 'ஸ்னார்ட்'. ஜி, எல் என்று தொடங்குபவை பலவும் ஒளியோடோ பார்வையோடோ சேர்ந்தவை: 'க்ளோ', 'க்ளிட்டர்', 'க்ளீம்', 'க்ளேர்', 'க்ளான்ஸ்'. இது நினைவுக்கு ஒரு கொக்கி மட்டுமே, விதி அல்ல. பதுங்கிப் போகும் 'ஸ்னீக்'குக்கும் மூக்குக்கும் சம்பந்தமில்லை.

எல்லாத் தமிழ்த் தொடருக்கும் ஒற்றை வினை கிடைக்காது என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். கலகலவென்று சிரித்தாள் என்பதன் முழு மணத்தைத் தரும் ஒரு சொல் இல்லை. திடீரென்று எழுந்த சிரிப்பானால் 'பர்ஸ்ட் அவுட் லாஃபிங்' என்று இரண்டு மூன்று சொல்லில் சொல்லலாம். வலிந்து ஒரு வினையைத் தேடிப் பொருத்தினால் வாக்கியம் கோணலாகிவிடும்.

ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை

சொல்லும் பொருளும் மட்டும் எழுதிய நோட்டு தேர்வுக்கு உதவும், எழுதுவதற்கு உதவாது. ஒரு சொல்லுக்கு ஓர் அட்டை எடுங்கள். முன்பக்கம் தமிழ்த் தொடரை எழுதி, சூழ்நிலையையும் ஒரு வரியில் சொல்லுங்கள்: "நாள் முழுக்க வேலை செய்து களைத்தவர் மாடிப்படி ஏறுகிறார், கனத்த நடை". பின்பக்கம் ஐந்து விவரங்கள் இருக்க வேண்டும். ஆங்கில எழுத்தில் சொல், இறந்தகால வடிவம், பின்னால் வரும் சிறு சொல், யார் அல்லது எது அதைச் செய்யும், பேசுபவரின் மனப்பான்மை. 'ட்ரட்ஜ்' என்றால்: இறந்தகாலத்தில் டி மட்டும் சேரும், ஈ ஏற்கெனவே இருக்கிறது, பின்னால் 'அப்', 'த்ரூ', 'ஹோம்' வரும், செய்பவர் களைத்த மனிதர், மனப்பான்மை இரக்கம் அல்லது சலிப்பு. அதன் கீழே நீங்களே அமைத்த ஒரு வாக்கியம். அகராதி வாக்கியத்தை நகலெடுத்தால் அது உங்கள் சொல்லாகாது.

சொல்லைச் சரிபார்க்க ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே தயாரித்த அகராதிதான் சிறந்தது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், லாங்மன் மூன்றின் கற்போர் அகராதிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; சொல்லைத் தொடர்ந்து எந்தச் சிறு சொல் வரும் என்பதையும், மதிப்புக் குறைவான சொல்லா என்பதையும் குறித்திருப்பார்கள். 'வாக்' என்ற பொது வினையின் கீழ் எத்தனை நடைகள் இருக்கின்றன என்று பார்க்க, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் 'வேர்ட்நெட்' உதவும். அதில் ஒரு வினையின் வகைகளைக் காட்டும் இணைப்புக்கு 'ட்ரோபொனிம்' என்று பெயர். நிஜ வாக்கியங்களில் ஒரு சொல் எப்படி வருகிறது என்று பார்க்க 'ஸ்கெல்' என்ற தளம் நல்லது. ஒத்தசொல் அகராதியை மட்டும் தனியாக நம்ப வேண்டாம். 'ஸ்மைல்' என்பதற்குப் பக்கத்தில் அது 'ஸ்மர்க்' என்று தந்துவிடும். 'ஸ்மர்க்' தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் ஏளனச் சிரிப்பு. மேலதிகாரி உங்களை வரவேற்று 'ஸ்மர்க்' செய்தார் என்று எழுதினால் அவரை இகழ்ந்ததாகிவிடும்.

எத்தனை, எந்த வரிசையில்

இங்கேதான் பெரும்பாலோர் தவறு செய்கிறார்கள். 'நட' குடும்பத்தின் பன்னிரண்டு சொற்களையும் ஒரே நாளில் மனப்பாடம் செய்வார்கள். மறுநாள் 'ஸ்டேகர்' தள்ளாடுவதா, தேய்த்து நடப்பதா என்று குழம்பும். பொருள் நெருக்கமான சொற்களைச் சேர்த்துப் படித்தால் அவை ஒன்றையொன்று தடுக்கும் என்று 1990-களில் மொழி கற்றல் ஆய்வாளர்கள் டிங்கம், வேரிங் இருவரும் செய்த தனித்தனி ஆய்வுகள் காட்டின. குடும்பமாகத் தொகுப்பது வரைபடம் போட மட்டும். படிப்பது குடும்பத்துக்கு ஒரு சொல்லாக.

வாரத்துக்கு ஐந்து புதிய சொற்கள் போதும்: பார்வையில் ஒன்று, நடையில் ஒன்று, பேச்சில் ஒன்று, சிரிப்பு அல்லது அழுகையில் ஒன்று, கை அல்லது வாயின் வேலையில் ஒன்று. பன்னிரண்டு வாரத்தில் 60 வரும். எழுதும்போது கைக்கு வருவதற்கு 60 நல்ல வினைகள் தாராளம். மீதியைப் படிக்கும்போது புரிந்துகொண்டாலே போதும், எழுதியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. குறைவாகத் தெரிகிறதே என்று வாரத்துக்கு இருபதாக ஏற்றினால் மூன்றாவது வாரமே அட்டைகள் மலையாகக் குவியும், விட்டுவிடத் தோன்றும்.

திரும்பப் பார்ப்பதற்கு ஜெர்மானியர் செபாஸ்டியன் லைட்னர் 1972-ல் எழுதிய பெட்டி முறை இன்றும் எளிது. ஐந்து பெட்டிகள். புதிய அட்டை முதல் பெட்டியில். முதல் பெட்டியைத் தினமும், இரண்டாவதை மூன்று நாளுக்கு ஒருமுறை, மூன்றாவதை வாரம் ஒருமுறை, நான்காவதை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஐந்தாவதை மாதம் ஒருமுறை பாருங்கள். சரியாகச் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும், தவறினால் எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பும். கைபேசியில் செய்ய விரும்பினால் 'அங்கி' என்ற செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும். எதில் செய்தாலும் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்து ஆங்கிலச் சொல்லைச் சொல்லுங்கள். ஆங்கிலத்தைப் பார்த்துப் பொருள் சொல்வது எளிது, எழுதும்போது பயன்படாது.

எங்கே தவறுகிறது

முதலில் சிறு சொற்கள். தமிழில் "என்னை முறைத்தான்" என்பதால் 'ஹி க்ளேர்ட் மீ' என்று எழுதிவிடுகிறோம். 'க்ளேர்ட் அட் மீ' என்பதே சரி. 'ஸ்டேர்', 'க்ளான்ஸ்', 'கேஸ்' எல்லாம் ஆளைக் குறித்து வரும்போது 'அட்' கேட்கும். 'விஸ்பர்' ஆளுக்கு முன்னால் 'டு' கேட்கும். 'ஸ்னாப்' எரிந்து விழும் பொருளில் 'அட்'. பற்றிக்கொண்டு தொங்கும் 'க்ளிங்', பற்றும் பொருளுக்கு முன்னால் 'டு'. ஆனால் 'நாக்' எதையும் கேட்காது, நேரே ஆள் பெயர் வரும்.

அடுத்தது இரட்டிப்பு. 'விஸ்பர்ட் குவையட்லி', 'ரஷ்ட் க்விக்லி', 'ஸ்லாம்ட் லவுட்லி'. வினைக்குள் இருப்பதை அடைமொழியில் மறுபடியும் சொல்வது. நல்ல வினையைப் போட்டதும் அடைமொழியை அடித்துவிடுங்கள். அடித்தபின் ஏதோ குறைகிறது என்றால், அடைமொழி புதிதாக ஒன்றைச் சொல்லியிருக்கிறது, அப்போது வைத்துக்கொள்ளலாம்.

இறந்தகாலம். 'ஸ்ட்ரைட்' என்பது 'ஸ்ட்ரோட்' ஆகும், ஊர்ந்து செல்லும் 'க்ரீப்' என்பது 'க்ரெப்ட்', 'க்ளிங்' என்பது 'க்ளங்', அழும் 'வீப்' என்பது 'வெப்ட்'. 'ஸ்ட்ரட்', 'ஸ்னாப்', 'க்ராப்' ஆகியவற்றில் கடைசி மெய் இரட்டிக்கும். ஒலிக்கும்போது 'லிம்ப்-எட்' என்று பிரித்துச் சொல்லாதீர்கள், 'லிம்ப்ட்' ஒரே அசை. 'எட்' என்பது தனி அசையாக ஒலிப்பது டி, டீ ஒலியில் முடியும் 'ஸ்ட்ரட்', தலையசைக்கும் 'நாட்' போன்றவற்றில்தான்.

இன்னொன்று நமக்கே உரியது. தமிழ் எழுத்து ககர, பகரங்களில் வல்லொலியையும் மெல்லொலியையும் பிரிக்காது. எரிச்சலோடு குறைகூறும் சொல்லையும், மண்சுவர் பொலபொலவென்று உதிரும் சொல்லையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'க்ரம்பிள்'. முதலாவது ஜி-யில் தொடங்குவது, இரண்டாவது சி-யில். கப்பென்று பிடிக்கும் 'க்ராப்' ஜி-யில் தொடங்கும். சி-யில் தொடங்கினால் நண்டு. ஆகவே அட்டையில் ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதாதீர்கள். இந்தக் கட்டுரையில் வந்த சொற்களையும் அகராதியில் எழுத்துக்கூட்டலும் ஒலிப்பதிவும் பார்த்த பிறகே அட்டைக்கு ஏற்றுங்கள். 'ஸ்' என்று தொடங்கும் சொற்களுக்கு முன்னால் 'இ' சேர்ந்துவிடாமலும் பாருங்கள்; 'இஸ்ட்ரோல்' அல்ல, 'ஸ்ட்ரோல்'.

அறிக்கையிலும் அலுவலகக் கடிதத்திலும் இந்த வினைகள் வேறு உருவில் வரும். விற்பனை மெல்ல ஏறினால் 'எட்ஜ்ட் அப்', திடீரென்று பெருகினால் 'சர்ஜ்ட்', மிக உயரத்துக்குப் போனால் 'சோர்ட்', சற்றுக் குறைந்தால் 'டிப்ட்', செங்குத்தாக விழுந்தால் 'ப்ளம்மட்டட்'. நூற்றுக்கு இரண்டு குறைந்ததற்கு 'ப்ளம்மட்டட்' போட்டால் எண்ணும் சொல்லும் முரண்படும். படிப்பவர் இரண்டையுமே நம்பமாட்டார். எண்ணை முதலில் எழுதிவிட்டு அதற்கு ஏற்ற வினையைத் தேர்ந்தெடுப்பது பாதுகாப்பு.

எழுதியதைத் திருத்தும் பயிற்சி

வாரம் ஒருமுறை நீங்களே எழுதிய நூறு சொற்பத்தி ஒன்றை எடுங்கள். வினைகள் அனைத்தையும் வட்டமிடுங்கள். அடைமொழி ஒட்டிய வினைகளை மட்டும் முதலில் கவனியுங்கள், மாற்ற வேண்டியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். உதாரணமாக: 'ஹி வென்ட் டு த டோர் வித்தவுட் எனி நாய்ஸ். ஹி லுக்ட் த்ரூ த கீஹோல். டூ மென் வேர் டாக்கிங் இன் வெரி லோ வாய்சஸ். சடன்லி அ விண்டோ க்ளோஸ்ட் வித் அ லவுட் நாய்ஸ்.'

திருத்தியபின்: 'ஹி டிப்டோட் டு த டோர். ஹி லுக்ட் த்ரூ த கீஹோல். டூ மென் வேர் விஸ்பரிங். சடன்லி அ விண்டோ ஸ்லாம்ட்.' இரண்டாம் வாக்கியத்தில் 'பீப்ட்' போட்டிருக்கலாம். போடாததற்குக் காரணம், சாவித்துவாரம் என்றதுமே திருட்டுப் பார்வை தெரிந்துவிடுகிறது. நான்கு வாக்கியத்திலும் நான்கு வண்ண வினைகளை அடுக்கினால் எதுவும் கண்ணில் நிற்காது. மூன்று வினையில் ஒன்றை மாற்றினால் போதும் என்பது பொதுவான அளவு. மேலே உள்ளது பரபரப்பான கட்டம் என்பதால் அதைவிடக் கூடுதலாக மாறியிருக்கிறது.

உரையாடல் எழுதும்போது இன்னும் கவனம் தேவை. 'செட்' என்பதைக் கண்ணே கவனிக்காது, அதனால் அது எத்தனை முறை வந்தாலும் இடிக்காது. ஒவ்வொரு பேச்சுக்கும் 'எக்ஸ்க்ளெய்ம்ட்', 'ரிடார்ட்டட்', 'மர்மர்ட்' என்று மாற்றிக்கொண்டே போனால், படிப்பவர் பேச்சை விட்டுவிட்டு வினையைப் பார்க்கத் தொடங்குவார். பேசிய சொற்களே கோபத்தைக் காட்டினால் 'செட்' போதும். சொற்கள் ஒன்று சொல்ல, குரல் வேறொன்று சொல்லும் இடத்தில்தான் 'மட்டர்ட்' வேண்டும்: '"சரி, நீங்கள் சொன்னால் சரிதான்," ஹி மட்டர்ட்.'